கறுப்பு அன்னத்தின் மூன்றாவது வாசல்

நவம்பர் மாலை, ஐந்து மணி. சஃபோக் கடற்கரைச் சிற்றூரில் ‘கறுப்பு அன்னம்’ ஒரு காலத்தில் மதுக்கூடம், இப்போது வீடு. அதன் கணப்படுப்பு ஓரம் வில்ஃப்ரெட் தர்ஸ்டன் மண்டை உடைந்து செத்துக் கிடந்தார். பக்கத்தில் நெருப்புக் கிளறும் கம்பி. போலீஸ் வந்தபோது முன்கதவு, கொல்லைக்கதவு இரண்டும் உள்ளே தாழிட்டிருந்தன. தாழை நீக்கியவள் மனைவி மேபல். உள்ளே வேறு ஆள் இல்லை.

இன்ஸ்பெக்டர் நட்டால் அவள் எதிரே உட்கார்ந்தார். அவள் கையில் தேநீர்க் கோப்பை இருந்தது.

"நடந்ததைச் சொல்லுங்கம்மா."

"உள்ளே சமையலறையில ரொட்டி எடுத்தேன். சால்வை அடுப்புல பட்டுப் பொசுங்கிருச்சு. அதைத் தட்டி அணைக்கும்போதே இங்க சத்தம். ஓடி வந்தேன், கம்பியைக் கையில எடுத்தேன், அவர் மேல விழுந்து அழுதேன்... அப்புறம் ஜன்னல்ல பார்த்தா தெருவிளக்கு வெளிச்சத்துல வெறும் நிழல் போகுது. இந்தக் கண்ணாடியில பெத்த தாயே வந்தாலும் தெரியாது. ஐயா, என்னைத் தூக்குல போட்டுருவாங்களா?"

நட்டால் எழுந்து ஜன்னல் கண்ணாடியை விரலால் தடவிப் பார்த்தார். 

அடுத்து வில்ஃப்ரெட்டின் அண்ணன் மகன் கிளைவ். போலீசுக்குப் போன் செய்தவன். கட்டடத்தை விற்கச் சொல்லிச் சித்தப்பாவோடு வருடக்கணக்காக மல்லுக்கட்டியவன்.

"எங்க நின்னீங்க?"

"தெருவுல. இந்த ஜன்னல்கிட்ட."

"எதைப் பார்த்தீங்க?"

"சித்தி கம்பியோட நின்னாங்க. சால்வையில பொசுங்கின ஓட்டைகூடத் தெரிஞ்சுது."

"அடப்பாவி! உனக்கு எத்தனை நாள் சோறு போட்டிருப்பேன்!" மேபல் கத்தினாள்.

"நடிக்காதீங்க சித்தி."

"கூர்மையான கண்ணுதான்," என்றார் நட்டால். "கான்ஸ்டபிளோட போய் அதே இடத்துல நில்லுங்க. நான் எத்தனை விரல் காட்டுறேன்னு சொல்லுங்க."

ஜன்னலில் கறுப்பாக ஒரு திட்டு வந்து நின்றது. கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு இடமும் வலமும் நகர்ந்தது.

"மூணு!"

நட்டால் நீட்டியிருந்தது மூடிய முஷ்டி.

கிளைவை உள்ளே கொண்டுவந்தார்கள். "குடிக்கிறவனைப் பொண்டாட்டியோ பாதிரியாரோ தெருவுல இருந்து பார்த்துறக் கூடாதுன்னு ஆள் உயரத்துக்கு மேல மங்கவெச்ச கண்ணாடி இது. ஓட்டை சத்தம் கேட்ட நேரத்துலதான் பொசுங்கினது; அந்தச் சால்வையை நாங்க வந்ததுமே எடுத்து வெச்சுட்டோம். அப்போ எங்கிருந்து பார்த்தே?"

பழைய மதுக்கூடக் கல்லாப் பலகை ஓரமிருந்த சிறு மரக்கதவை நட்டால் தள்ளினார். பின்னால் ஓர் இருட்டறை, கணப்படுப்பைப் பார்த்த அதன் சுவரில் ஒரு துவாரம். பெண்கள் யார் கண்ணிலும் படாமல் குடிக்கக் கட்டியது; மது இந்தத் துவாரம் வழியாகத்தான் போகும். தட்டுமுட்டு அறை என்று போலீஸ்காரர்கள் எட்டிப் பார்த்ததோடு விட்டிருந்தார்கள். அலமாரிக்கு அப்பால் அதற்கென்று ஒரு தெருவாசல். இழுத்துச் சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும். தரைத் தூசியில் புதிதாகப் பதிந்த செருப்புத் தடம்.

"சித்தப்பாவே உன்னை உள்ளே விட்டுத் தாழ் போட்டிருக்கார். அடிச்சதும் சித்தி ஓடிவர்ற சத்தம் கேட்டு இங்க ஒளிஞ்சு துவாரம் வழியாப் பார்த்தே; அப்புறம் இந்த வாசல் வழியா நழுவிப் போய்ப் போன் பண்ணினே."

 கிளைவுக்கு விலங்கு மாட்டினார்கள்.

மேபல் துவாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் அவர் மேல விழுந்து அழுதப்போ..."

"இங்கதான் நின்னிருக்கான்மா. கை நீட்டினா உங்க மேல படும்."

கோப்பையை வைத்துவிட்டு எழுந்தாள். தலையில் ஒன்றும் போடாமல் வெளியே பெய்துகொண்டிருந்த மழையில் இறங்கி, தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டாள். எவ்வளவோ கூப்பிட்டும் உள்ளே வரவில்லை.