டிக்கெட் எடுக்காத தையல்காரர்

ரிட்டயர்டான கண்டக்டர் அன்று மத்தியானம் டயாலிசிஸ் வார்டுக்குள் நுழைந்தபோது ஜன்னலோரக் கட்டில் காலியாக இருந்தது. அவரோடு டயாலிசிஸ் செய்துகொண்டிருந்த தையல்காரர், முந்தின நாள் தண்ணீர் தண்ணீர் என்று கெஞ்சியபடியே அதில்தான் போய்ச் சேர்ந்திருந்தார். ஜன்னலோர சீட் கிடைத்த சந்தோஷத்தில் கண்டக்டர் ஏறிப் படுத்துக்கொண்டார். மெத்தையிலிருந்து மருந்து நெடியோடு ஈரத்துணி வாடையும் வந்தது.

அடுத்த முறை எடை மெஷினில் மூன்று கிலோ கூடுதல்.

"திருட்டுத்தனமா தண்ணி குடிச்சீங்களா?" மனைவி பல்லைக் கடித்தாள். அவர் உடம்பில் நீர் சேரக்கூடாதென்று ராத்தூக்கம் கெட்டுக் குழாயைக் காவல் காப்பவள்.

"சத்தியமா இல்லடி."

ஏறின எடை முழுக்கத் தண்ணீர் என்பதுதான் அங்கே கணக்கு. நர்ஸ் டயாலிசிஸ் மெஷினில் அத்தனையையும் உறிஞ்ச வைத்தாள். இல்லாத தண்ணீருக்கு மெஷின் எங்கே போகும்? கண்டக்டரின் கெண்டைக்கால்கள் முறுக்கிக்கொண்டன. கண் இருட்டியது.

மறுமுறையும் மூன்று கிலோ. இன்னொரு தடவை உறிஞ்சினால் ஆள் காலி.

எடை மெஷினில் நின்றபடியே குனிந்து பார்த்தார்.

அவர் பாதங்களுக்குப் பின்னால் இன்னும் இரண்டு ஈரப் பாதங்களின் தடம்.

கூட்ட பஸ்ஸில் டிக்கெட் எடுக்காதவனை மோப்பம் பிடித்தவருக்கா தெரியாது?

"தையலு, இறங்குய்யா. என்னைக் கொன்னுடுவாங்க."

பிடரியில் சில்லென்று மூச்சு. "இறங்கி எங்கே போறது?"

மனைவி நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தாள்.

கண்டக்டர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "அதோ, அவ மேல ஏறிக்கோ. திடமான ஆளு, தாங்குவா."

தோள் லேசாயிற்று. எடை முள் சரசரவென இறங்கியது.

"அம்மா எவ்வளவு நல்லா பாத்துக்கறாங்க!" என்றாள் நர்ஸ்.

டயாலிசிஸ் முடிந்து வீட்டுக்கு வந்ததும் மனைவி அடித்துப்போட்டாற்போல் தூங்கினாள். காவல் இல்லாத குழாய். கண்டக்டர் ஆசை தீர, வயிறு முட்டக் குடித்தார்.

ராத்திரி நெஞ்சுக்குள் களகளவென்றது. மூச்சு ஏறவில்லை.

"அடியே, எழுந்திரு! ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ!"

மூடிய கண்களோடு அவள் எழுந்து உட்கார்ந்தாள். பேசியது ஆண் குரல்.

"அவளை எழுப்பாதே கண்டக்டர். இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் தூங்கறா."

"ஐயோ, அவ இல்லேன்னா நான் செத்துடுவேன்யா!"

"நான் இருக்கேன்ல. இனிமே உன்னை நான் பாத்துக்கறேன்."

அவள் கை செம்பு நிறைய மொண்டு வந்து அவர் உதட்டில் வைத்து அழுத்தியது.

"குடி. எனக்குத்தான் யாரும் தரல."