நகம் வெட்டிக்கொண்டு வந்தவர்

"கண்ணைத் தேய்க்காதீங்க! கையை எடுங்க!"

ரயில் நிலையத்துக் காத்திருப்பு அறையில், எதிர் நாற்காலியிலிருந்து வந்த அதட்டல் அது. அவளுக்குச் சுருக்கென்றது. கண்ணாடிக் கடையில் ஆறு வருஷமாக, வருகிறவர்களுக்கெல்லாம் காண்டாக்ட் லென்ஸ் போடக் கற்றுத் தருகிறவள் அவள். அவளுக்கே பாடமா?

"எனக்குத் தெரியும் சார். உங்க வேலையைப் பாருங்க..."

தெரியும்தான். ஆனால் மழைக்காற்றில் விழுந்த தூசியைக் கசக்கிய கசக்கலில், இடது கண் லென்ஸ் மேலிமைக்கு அடியில் ஏறி ஒளிந்துகொண்டதே! பதினொரு மணிக்குத் தலைமை அலுவலகத்தில் தேர்வு. தேறினால் எல்லாக் கிளைகளுக்கும் அவள்தான் பயிற்சியாளர். இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. இதுதான் கடைசி வாய்ப்பு.

"பயப்படாதீங்க." குரல் தணிந்தது. "அது கண்ணுக்குப் பின்னாடி போகாது. அங்க வழியே கிடையாது, கதவைச் சாத்தி சீல் வச்சாச்சு..."

அட, இது நான் கடையில் சொல்கிற வசனமாச்சே! ஒற்றைக் கண்ணால் உற்றுப் பார்த்தாள். தோளில் கிதார் உறை, மூக்கில் வழுக்கும் கண்ணாடி... ஐயோ, அவரா!

போன மாதம் லென்ஸ் வாங்க வந்து, அவள் பாடம் முழுவதையும் கேட்ட கிதார் வாத்தியார். தந்தி மீட்ட வலது கையில் நீள நீள நகம். "இந்த நகத்தோட கண்ணுல கை வைக்க விட மாட்டேன். வெட்டிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். "இதுதான் மேடம் எனக்குச் சோறு போடுது" என்று சிரித்துக்கொண்டே போனார். அவர் போய்விட்டார்... அந்தச் சிரிப்புதான் போகவில்லை.

"முதல்ல என்ன செய்யணும், டீச்சரம்மா?"

"...சோப்பு போட்டுக் கை கழுவணும்" என்று முனகினாள்.

குழாயடிக்கு அவளுடைய பையைத் தூக்கி வந்தார். கை கழுவித் துடைத்தாள். லென்ஸுக்கான சொட்டு மருந்தை அவரே தேடி எடுத்துக் கொடுத்தார்.

"வண்டி வந்திருச்சு சார்! பதினொரு மணிக்குத் தேர்வு!"

"அடுத்த வண்டி வரும். அடுத்த கண்ணு வருமா?"

சொட்டு விட்டு, கண்ணை மூடிக் காத்திருந்தாள்.

"லென்ஸ் மேல இருந்தா எங்க பார்க்கணும்?"

"கீழே..."

"இமை மேல மெதுவா நீவுங்க. பறிக்கக் கூடாது. வரலைன்னா நேரா கண் டாக்டர். தேர்வு கிடக்கட்டும்."

இரண்டாம் முறை சொட்டு விட்டாள். கீழே பார்த்து நீவினாள். சிமிட்டினாள்... லென்ஸ் வழுக்கி இறங்கியது! மெல்ல எடுத்தாள். விரல் நுனியில் மழைத்துளி போல லென்ஸ்.

"முழுசா இருக்கு! கிழியவே இல்ல!"

பழக்கத்தில் திரும்பப் போடக் கை போனது. அவர் அந்தக் கையையே பார்த்தார். அவளுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. அவதிப்பட்ட கண்ணுக்கு இன்று ஓய்வு... இதுவும் அவள் பாடம்தான். ஆனால் பைக்குள் இருப்பது பள்ளியில் 'சோடாபுட்டி' என்று பெயர் வாங்கித் தந்த கண்ணாடி! லென்ஸ் கடைக்காரி அதைப் போட்டுக்கொண்டு தேர்வுக்குப் போவதா?

மற்ற லென்ஸையும் கழற்றினாள். கண்ணாடியை மாட்டினாள்.

"கண்ணு ரொம்பச் சின்னதாத் தெரியுமே..."

"ஆமா. கிட்ட வந்து பார்க்கணும் போல இருக்கு."

காது மடல் சூடாகிவிட்டது அவளுக்கு.

அடுத்த வண்டியில் அவரும் துணைக்கு ஏறிக்கொண்டார். தேர்வில், காலையில் பட்ட பாட்டை அப்படியே சொன்னாள். கசக்கியது, வீம்பு பிடித்தது, கை கழுவியது, சொட்டு, நீவல், கண்ணாடி... ஒன்றையும் மறைக்கவில்லை. சிடுசிடு அதிகாரியம்மாவே எழுந்து வந்து கை குலுக்கினார். "புத்தகத்தை ஒப்பிக்கிறவங்களைத்தான் இதுவரைக்கும் பார்த்தேன். நாளையிலேர்ந்து நீதாம்மா பயிற்சியாளர்."

படிகளில் பறந்து இறங்கினாள். வாசல் தூறலில் இன்னும் காத்துக்கொண்டு அவர்!

"ஜெயிச்சுட்டேன்!"

அவர் இரண்டு கையையும் தட்டினார். அப்போதுதான் கவனித்தாள்.

"நகம் எங்கே?"

"இன்னிக்கு உங்க கடைக்குத்தான் கிளம்பினேன். மறுபடி திருப்பி அனுப்பிட்டா..."

"சோறு போடுற நகமாச்சே!"

"விரல் நுனியால பழகிட்டேன். சத்தம் கம்மி. கிட்ட உட்கார்ந்தாத்தான் கேட்கும்."

"போன மாசத்திலேர்ந்து கடைக் கதவு திறக்கிறப்பல்லாம் நீங்களான்னு எட்டி எட்டிப் பார்த்தவ நான்..." கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு அவரை நேராகப் பார்த்தாள். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. கிட்டவே உட்கார்ந்துக்கிறேன்."

அவர் அதே சிரிப்பைச் சிரித்தார். இரண்டு பேர் கண்ணாடியிலும் மழைத்துளி... துடைக்க இருவருக்குமே தோன்றவில்லை.