பங்குக் கிணறு

வாளி மேலே வரவில்லை.

வடிவம்மாள் கயிற்றை ஆட்டிப் பார்த்தாள். கிணற்றுக்குள் எங்கோ சிக்கியிருந்தது. குத்துக்கல்வலசையில் அந்த வீட்டை அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்தபோது, கிணற்றின் வாய்க்குக் குறுக்கே ஆளுயரச் சுவரும் எழுப்பிவிட்டார்கள். அந்தப்பக்கம் மூத்தவர் மனைவி குருவம்மாளின் உருளை, இந்தப்பக்கம் இவளுடையது. கிணறு யாருக்கென்ற வழக்கு மட்டும் மூன்று வருஷமாகத் தென்காசிக் கோர்ட்டில் இழுத்துக்கொண்டிருந்தது. ஓரகத்திகள் இருவரும் அன்றிலிருந்து ஒரு சொல் பேசிக்கொண்டதில்லை.

குற்றாலத்தில் சீசன் தொடங்கி, இங்கேயும் பகலெல்லாம் சாரல். பாசியும் நனைந்த தேங்காய்நாரும் மணக்க, ஓட்டிலிருந்து சொட்டும் நீர் கிணற்றுக்குள் விழும் சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. அவள் இழுத்தாள். கயிறு ஒரு முழம் வந்தது. அந்தப்பக்க உருளை கிரீச்சிட்டது. வந்த முழம் திரும்பிப் போயிற்று.

வேண்டுமென்றே செய்கிறாள் என்று வடிவம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உலை வைக்கக்கூட வீட்டில் தண்ணீர் இல்லை. கோர்ட்டுக்குப் போன புருஷன் பசியோடு வருவார். குருவம்மாளிடம் பேசியது தெரிந்தால் அதற்கும் ஏசுவார். கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றி, கிணற்றின் கைப்பிடிச் சுவரில் காலை ஊன்றி இழுத்தாள். மறுபடியும் ஒரு முழம். மறுபடியும் போயிற்று. உள்ளங்கை எரிந்தது. ஆத்திரத்தில் அழுகை வந்தது.

“யக்கா, ஒங்க கயித்தக் கொஞ்சம் தளத்துங்க.”

இழுப்பு நின்றது.

அப்போது தெருவில் வண்டி வந்து நின்றது. பக்கத்து வாசலில் பூட்டுத் திறக்கும் சத்தம். சுந்தரபாண்டியபுரத்தில் தாய்வீட்டில் இரண்டு நாள் இருந்த கதையை வண்டிக்காரனிடம் சொல்லிக்கொண்டே உள்ளே வருவது குருவம்மாள்தான்.

வடிவம்மாள் கயிற்றை விட்டாள். கை வரவில்லை. நனைந்த நார் மணிக்கட்டில் இறுகியிருந்தது. அவசரமில்லாமல், கீழிருந்து ஏதோ இழுத்தது.

சுவருக்கு அப்பால் காலடி. தன் கயிறு எப்படிக் கிணற்றுக்குள் போயிற்று என்று குருவம்மாளின் முணுமுணுப்பு.

“தொடாதிங்க யக்கா.”

மூன்று வருஷத்துக்கு அப்புறம், குருவம்மாள் பேசினாள். “சிக்கித்தானட்டி கெடக்கு. நீ விடு, நான் இழுக்கேன்.”

உருளை கிரீச்சிட்டது. நின்றது.

“வடிவு.” குரல் சிறுத்திருந்தது. “கயிறு கையச் சுத்திக்கிட்டு. விட மாட்டேங்கு.”

வடிவம்மாள் குனிந்து பார்த்தாள்.

கீழே இரண்டு கயிறும் ஒரே சடையாகப் பின்னி, விறைத்து நின்றன. அந்தச் சடையைப் பிடித்தபடி, தண்ணீருக்கு மேலே ஒரு கை. அதற்கு மேலே ஒரு கை.

அதற்கும் மேலே இன்னொன்று.