எழுபதாவது தூண்

லேசர் மேஜையின் காலடியில் பேராசிரியர் மல்லாந்து கிடந்தார்.

காபி வேணுமா என்று கேட்டால் எழுந்துவிடுவார் போலத்தான் இருந்தது... பின்மண்டையைப் பார்க்காதவரை!

"வாட்ச் அஞ்சு பத்துக்கு உடைஞ்சு நின்னுருக்கு," என்றார் இன்ஸ்பெக்டர். "அஞ்சு பத்துக்கு இந்த ரூம்ல யாரு?"

"நான்தான் சார்," என்றாள் ஊசி.

ஆய்வகத்தின் டெக்னீஷியன். ஒல்லி. அதனால் அந்தப் பட்டப்பேர்.

"அஞ்சு மணிக்குத்தான் வேலைக்கு வந்தேன். வந்தப்பவே இப்படித்தான்..."

"வாட்ச் பொய் சொல்லுமா?"

"அடிச்சவங்க முள்ளைத் திருப்பி வச்சா சொல்லும் சார்."

"வாய் நீளம். ஜீப்ல ஏறு!"

பேராசிரியரின் மாப்பிள்ளை கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். அவரும் அங்கே விஞ்ஞானிதான். நாலு மணியிலிருந்து ஆறு வரை மீட்டிங்கில் இருந்தவர். நாற்பது பேர் சாட்சி!

"மாமா உன்னைப் பெத்த பொண்ணு மாதிரி பாத்துக்கிட்டாரேம்மா..."

ஊசி ஜன்னல் வழியே ஜீப்பைப் பார்த்தாள். கொலைகாரி! ஒரு தடவை ஜீப்பில் ஏறிவிட்டால் அப்புறம் யார் நம்புவார்கள்?

"சார்... அஞ்சே நிமிஷம். மைக்ரோஸ்கோப்புக்குள்ள ஒரு தடவை பாத்துடறேன்."

"தப்பிச்சு அதுக்குள்ளயா ஓடப்போற? பாரு."

மைக்ரோஸ்கோப் திரையில் பிளாஸ்டிக் தூண்கள் வரிசை கட்டி நின்றன. ஒவ்வொன்றும் தலைமுடியைவிட மெல்லிசு. கண் இமைக்கும் நேரத்தைக் கோடி கோடியாக நறுக்கினால்... அதில் ஒரு துண்டுதான் அந்த லேசரின் ஒரு துடிப்பு! தூண்களின் மேல் வெள்ளியைக் கோடு கோடாக ஒட்டிக்கொண்டே போகும். நிமிஷத்துக்கு ஒரு தூண்.

ஊசி இரண்டு தடவை எண்ணினாள்.

"ரெண்டு மணிக்கு மெஷினை ஓட விட்டதா புரொபசரே நோட்டுல எழுதியிருக்கார் சார். எழுபதாவது தூண்ல வெள்ளிக் கோடு கோணிப்போச்சு பாருங்க."

"அதனால?"

"அவர் மண்டை மோதி மேஜை அதிர்ந்திருக்கு. ரெண்டு மணியிலேருந்து எழுபது நிமிஷம்... மூணு பத்து! அப்ப நான் பல் டாக்டர் முன்னாடி வாயைப் பொளந்துட்டு உக்காந்திருந்தேன். கேட்டுப் பாருங்க."

மாப்பிள்ளை மெல்லச் சிரித்தார். "கதவை அறைஞ்சு சாத்தினாக்கூட கோணும் சார்."

"கோணும்," ஊசி ஒத்துக்கொண்டாள். "ஆனா அடுத்த தூண், எழுபத்தொண்ணு? இடிபட்ட லேசர் தானா சரியாகாது. யாரோ லேசரை மறுபடி புள்ளியில நிறுத்தி வேலையைத் தொடர்ந்திருக்காங்க. படு மோசம்! முடி கனத்துல பத்துல ஒரு பங்கு விலகிக் கிடக்கு. கத்துக்குட்டி வேலை..."

"எவன் சொன்னான்?" மாப்பிள்ளை பாய்ந்தார். "நூறுல ஒரு பங்குகூட விலகல! மூணு தடவை சரிபாத்துட்டுத்தான் நான் ஸ்டார்ட்..."

சட்டென்று வாயை மூடினார்.

இன்ஸ்பெக்டர் அவர் பக்கம் திரும்பினார்.

"விலகலதான் சார்," என்றாள் ஊசி. "நான்தான் புளுகினேன்."

மாப்பிள்ளை நாற்காலியில் சரிந்தார்.

"ஆறு மாசமா நான் செஞ்ச ஆராய்ச்சி சார்... பேர் மட்டும் தன்னோடதுன்னார் மாமா. அடிச்சுட்டேன். ஆனா சாம்பிளை எப்படிப் பாதியில விடறது?"

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார்.

"மாமனாரைப் பாதியில விட்டிருக்கலாமேய்யா!"