சிக்னே பார்த்த பக்கம்

வடகோடிப் பனிக்காட்டு ஊரான கிரான்லீடனுக்கு அவர்கள் குடிவந்தது டிசம்பரில். மதியச் சாப்பாடு செரிப்பதற்குள் இருட்டிவிடுகிற மாதம் அது. மரம் அறுக்கும் ஆலையில் தோர்க்கெலுக்கு வேலை கிடைத்திருந்தது. பழைய சிவப்பு மரவீடு ஒன்றையும் ஆலைக்காரர்களே வாடகைக்குக் கொடுத்தார்கள். நெடுஞ்சாலையை விட்டுப் பிரிந்து காட்டுக்குள் போகிற ஒற்றைச் சாலையின் கடைசியில் இருந்தது வீடு. அந்தச் சாலையில் பனி உருக உப்பு தூவ யாரும் வருவதில்லை. விழுந்த பனி சக்கரங்களில் நசுங்கி நசுங்கிக் கண்ணாடிபோல் இறுகிக் கிடந்தது.

தோர்க்கெல் வண்டியை ஓட்டினான். பக்கத்தில் மனைவி யோன்னா. பின்னால், குழந்தை இருக்கையில், அவர்களுக்கு முதுகைக் காட்டியபடி மூன்று வயது சிக்னே. நான்கு வயதாகும்வரை அந்த ஊர்ப்பக்கம் எல்லாரும் குழந்தையை அப்படித்தான் உட்கார வைப்பார்கள். வண்டி எதிலாவது மோதினால் இருக்கையின் முதுகு குழந்தையை ஏந்திக்கொள்ளும். முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தாலோ, கனத்த தலையை மெல்லிய கழுத்து தனியாகப் பிடித்து நிறுத்தியாக வேண்டும். பிறந்த குழந்தையை எடை போட்ட செவிலியே இதை யோன்னாவுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

ஆகையால் அந்த வண்டியில் கடந்துபோன சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தவள் சிக்னே ஒருத்திதான்.

காட்டுக்குள் ஒரு வளைவு. அதைத் தாண்டியதும் அவள் சொன்னாள்.

“ஒரு அம்மா ஓடி வர்றாங்க.”

தோர்க்கெல் கண்ணாடியில் பார்த்தான். பின்விளக்கின் சிவப்பு படிந்த பனி. அதற்கு அப்பால் இருட்டு.

“வரிக்காரங்களா இருக்கும்டி செல்லம். வீடு மாறி ஒரு நாள் ஆகல, அதுக்குள்ள மோப்பம் பிடிச்சுட்டாங்க.”

யோன்னா சிரித்துவிட்டாள். சிக்னே சிரிக்கவில்லை.

அதன்பிறகு பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்திலிருந்து திரும்புகிற ஒவ்வொரு நாளும் அந்த வளைவில் அந்த அம்மா வந்தாள். தலையில் தொப்பி இல்லை என்றாள் சிக்னே. முடியெல்லாம் ஐஸ் என்றாள். நேற்றைவிடக் கிட்ட வந்துவிட்டாள் என்றாள். பிறகு சொல்வதை நிறுத்திக்கொண்டு, கையுறையால் முகத்தை மூடிக்கொள்ள ஆரம்பித்தாள். இருக்கையைப் பார்த்தாலே உடம்பைப் பலகைபோல் விறைத்துக்கொண்டு அலறினாள். அத்தனை அலறலிலும் யோன்னா அவளுடைய தடித்த பனியுடுப்பைக் கழற்றிவிட்டுத்தான் இருக்கையின் பட்டையை மாட்டுவாள். உடுப்புக்கு மேல் மாட்டினால் பட்டை தொளதொளத்துப் போகும். அந்த விஷயத்தில் அவள் கறார்.

ஒருநாள் வளைவு வந்தபோது யோன்னா திரும்பிப் பின்னால் பார்த்தாள். இருக்கையின் முதுகுக்கு மேல் மகளின் உச்சிமுடி. அதற்கு அந்தப் பக்கம் கறுத்த கண்ணாடி. வண்டிக்குள் நனைந்த கம்பளியின் வாடை அடித்தது.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது.

வண்டியின் பின்கதவை யாரோ உள்ளங்கையால் மெல்லத் தட்டினார்கள். குழந்தையைத் தூங்கவைக்கத் தட்டுவதுபோல.

“அவங்க என்ன சொல்றாங்க?” என்று யோன்னா கிசுகிசுத்தாள்.

“வாய் அசையுது. கண்ணாடி இருக்கே, கேக்கல.”

தட்டியது பனிக்கட்டி உதிர்கிற சத்தம் என்றான் தோர்க்கெல். ஆனால் அன்று சாப்பிடும்போது அவனே பேச்சை எடுத்தான். இருக்கை சுழலக்கூடியது. ஒரு பொத்தானை அழுத்தினால் முன்பக்கம் திரும்பிவிடும். எதையும் பார்க்காவிட்டால் குழந்தைக்குப் பயமும் இருக்காது.

“நாலு வயசு ஆகட்டும்,” என்றாள் யோன்னா.

“சட்டத்துல நாலு வயசுன்னு எங்க இருக்கு? இருக்கையில கட்டி வச்சாப் போதும். மத்ததெல்லாம் சிபாரிசுதான்.”

“அவ கழுத்துக்குச் சட்டம் தெரியுமா?”

அவன் உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை அவன் முன்னதாகவே போய்ச் சிக்னேயை அழைத்துக்கொண்டு, யோன்னா வேலைபார்த்த மருந்துக்கடை வாசலுக்கு வந்தான். வண்டியில் ஏறியதும் பின்னாலிருந்து பாட்டுச் சத்தம் வந்தது. யோன்னா திரும்பினாள். மகளின் முழு முகம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. உதட்டோரம் குங்குமப்பூ ரொட்டியின் துணுக்கு. வண்டிக்குள் அந்த முகம் சிரித்துப் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது.

“வீடு வரைக்கும்தான்,” என்றான் தோர்க்கெல், அவள் பக்கம் பார்க்காமல்.

திட்ட வாயெடுத்தாள். அதற்குள் சிக்னே கையை நீட்டி, ரொட்டியில் ஒரு துண்டை அவள் வாயில் வைத்துவிட்டாள். யோன்னா மென்றாள்.

காட்டுச் சாலை வந்தது. வளைவும் வந்தது. வாடை இல்லை. தட்டல் இல்லை.

தோர்க்கெல் மூச்சை விட்டான். “பாத்தியா.”

“அப்பா,” என்றாள் சிக்னே.

அவள் குரலில் பயமே இல்லை.

“இப்ப அவங்க முன்னாடி நிக்கிறாங்க.”

யோன்னாவின் கண்ணுக்கு விளக்கொளியில் பனி மட்டும்தான் தெரிந்தது. தோர்க்கெல் பிரேக்கை மிதித்தான்.

பெரிய மோதல்கூட இல்லை. வழுக்கிய வண்டி சாலையோரத்து மரத்தில் போய் இடித்து நின்றது. காற்றுப்பைகள் வெடித்த சுண்ணாம்பு வாடை. தோர்க்கெலுக்கு உதடு கிழிந்தது. பெல்ட் அழுத்தியதில் யோன்னாவின் தோள் கன்றிப்போனது.

பின்னால் அழுகை கேட்கவில்லை.

பட்டை சரியாக இருந்தது. இருக்கை அசையவே இல்லை. தலை மட்டும் மார்பில் சாய்ந்திருந்தது, தூங்குகிற குழந்தைக்குச் சாய்வதைவிடக் கொஞ்சம் அதிகமாக.

திருப்பாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் யோன்னா கேட்டாள். மருத்துவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: “அழுதிருப்பா. அவ்வளவுதான்.”

விசாரிக்க வந்த போலீஸ்காரன் நல்லவன். போகும்போது தோர்க்கெலின் தோளைத் தொட்டு, “சட்டப்படி உங்க மேல ஒரு தப்பும் இல்ல,” என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனான்.

வசந்தத்தில் தோர்க்கெல் தெற்கே அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டான். போவதற்கு முன் ஒரே ஒரு தடவை அதைப் பற்றிப் பேசினான்.

“யோன்னா, அந்தப் பொம்பள ரெண்டு கையையும் விரிச்சு நின்னா. நிறுத்து, நிறுத்துங்கற மாதிரி.”

யோன்னா எங்கும் போகவில்லை. அடுத்த குளிர்காலத்தில் அதே சாலையில், இன்னும் உள்ளே, ஓர் இளம் தம்பதி குடிவந்தார்கள். அவர்களுக்கு ஒரு பையன். அவர்கள் வண்டி போகும்போதெல்லாம் பின்கண்ணாடி வழியாக அவன் முகம் தெரியும். ஒருநாள் தபால்பெட்டிக்கு அருகே நின்ற யோன்னாவை வண்டி கடந்தது. பையன் வாயைத் திறந்து அலறிக்கொண்டிருந்தான். அவன் பார்த்தது அவளை அல்ல. அவளுக்குப் பக்கத்தில்.

சில நாள் கழித்து அதே வண்டி போனபோது பின்கண்ணாடியில் முகம் இல்லை. இருக்கையின் முதுகுதான் தெரிந்தது.

திருப்பிவிட்டிருந்தார்கள்.

யோன்னா ஓடினாள். நிறுத்துங்கள், திருப்புங்கள் என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு, அந்தச் சிவப்பு விளக்குகளின் பின்னால் ஓடினாள். வளைவில் மூச்சு முட்டி முழங்காலில் விழுந்தாள். விளக்குகள் மரங்களுக்குள் போய் மறைந்தன.

மூச்சு திரும்பியதும் கைபேசியின் வெளிச்சத்தில் வந்த வழியைப் பார்த்தாள். புதுப் பனியில் அவளுடைய பூட்ஸ் தடம். அதன் கூடவே, அடிக்கு அடி, வெறுங்கால் தடம் ஒன்று. அவளுடையது நின்ற இடத்தில் அது நிற்கவில்லை. வண்டி போன பக்கமாக, அடிகளை இன்னும் அகலமாக வைத்துப் போயிருந்தது.

யோன்னா குனிந்து, இரண்டு தடங்களுக்கும் நடுவில் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு தபால்பெட்டி வரைக்கும் தேடிக்கொண்டே திரும்பி நடந்தாள். மூன்று வயதுச் சின்னக் கால் எதுவும் பதிந்திருக்கவில்லை.