அழித்த பதிவு

அழித்த பிறகும் வட்டில் இடம் கூடவில்லை. திண்டிவனத்து மல்லாட்டை மில்லின் அலுவலக அறையில், பிண்ணாக்கு வாசனையும் கம்ப்யூட்டர் விசிறியின் ஓயாத இரைச்சலும் நெஞ்சை அடைக்க, மில்லின் கேமராக்களைக் கவனிக்கும் ரஞ்சித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். காலையில் தொண்ணூற்றாறு சதவீதம் நிரம்பியிருந்த வட்டுப் பகுதி இப்போது தொண்ணூற்றெட்டு. இருக்கிற கோப்புகளைக் கூட்டினால் பாதிகூட வரவில்லை.

நேற்று முதலாளி சீனுவாசன் சொல்லி அவன் அழித்தது ஒரே பதிவு: கடலை உடைக்கும் மெஷினின் பெல்ட், கூலிக்கு வந்த அஞ்சம்மாளை முந்தானையோடு இழுத்த காட்சி. "அந்தக் கேமராவக் கழட்டிடு. மத்ததெல்லாம் ஓடிக்கினே இருக்கட்டும்" என்றிருந்தார். அதனால் பதிவு செய்யும் புரோகிராமை நிறுத்தாமலேயே அழித்தான்.

வாசலில் அஞ்சம்மாளின் மகள் கலைமதி.

"அம்மாவே கைய உள்ள வுட்டுச்சின்னு சொல்றாங்கண்ணா. படம் இருக்குதா?"

"அன்னிக்கி கேமரா ஓடலம்மா."

"செவப்பு லைட்டு மட்டும் சும்மா எரிஞ்சிச்சாக்கும்?"

அவன் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அப்போதுதான் உறைத்தது. இந்தக் கம்ப்யூட்டரில் ஓடும் லினக்ஸில் கோப்பை அழிப்பதென்றால் அதன் பெயரை எடுத்துவிடுவது மட்டும்தான். ஏதாவது ஒரு புரோகிராம் அதைத் திறந்து வைத்திருக்கும்வரை உள்ளிருப்பது அப்படியே இருக்கும். தேடினான். இருந்தது. மீட்டுவிடலாம். ஆனால் வட்டு நிரம்பினால் புரோகிராம் நின்றுவிடும். நின்றால் பதிவும் போய்விடும்.

பென் டிரைவுக்கு நகலெடுக்கக் கொடுத்தான். நகல் முடிந்தபாடில்லை. கோப்பு வளர்ந்துகொண்டே இருந்தது.

அதில் எழுத இன்னும் என்ன இருக்கிறது? கழற்றிய கேமரா மேசைமேல் கிடந்தது, ஒயர் இல்லாமல்.

திறந்து பார்த்தான்.

கொட்டகை. ஓடும் பெல்ட். அதில் அஞ்சம்மாள். நேற்று முன்தினம் எரித்த அஞ்சம்மாள். தோள்வரை உள்ளே. இன்னும் இழுபட்டபடி. வாய் அசைந்தது. மூலையில் நேரம் ஓடியது.

இன்றைய தேதி. இந்த நிமிடம்.

தொண்ணூற்றொன்பது.

விட்டுவிட்டால் போதும். தானாக நிற்கும். அவளுக்கும் எல்லாம் முடியும்.

பின்னால் மூச்சுச் சத்தம். கலைமதி எப்போது உள்ளே வந்தாளோ.

"அம்மா முழிச்சிக்கினு இருக்குதுண்ணா" என்றாள். "நிறுத்திடாதீங்க."

கம்ப்யூட்டர் பெட்டிக்குள் சும்மா கிடந்த இரண்டாவது வட்டைச் சேர்த்தான். வட்டுப் பகுதியை அதற்குள்ளும் நீட்டினான். கோப்பு முறைமையையும் அந்த அளவுக்கு விரித்தான். எதையும் நிறுத்த வேண்டியிருக்கவில்லை.

பெல்ட் ஓடியது. அஞ்சம்மாள் கண்ணிமைக்காமல் அவனையே பார்த்தாள்.

ஐம்பது சதவீதம். அவள் இழுபட இன்னும் பாதி வட்டு காலியாக இருந்தது.