ரெண்டு தட்டு

இடது கதவு திறந்திருப்பதாக மீட்டர் பலகையில் சிவப்பு விளக்கு எரிந்தது. வேன் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது; கதவு இறுக மூடித்தான் இருந்தது. ஓட்டியவர் எட்டிப் பார்ப்பதற்குள் விளக்கு அணைந்தது, யாரோ ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டது போல. கூடவே என்ஜினும் அணைந்தது.

பொழுது சாயும் நேரம். மழை விட்ட சாலையில் இலைகளிலிருந்து நீர் சொட்டும் ஓசையும், சூடான என்ஜின் ஆறும்போது விடும் சின்னச் சின்னச் சொடக்குகளும் தவிர வேறு சத்தமில்லை. சாவியைத் திருப்பினார். 'டக்' என்றது. விளக்குகள் மங்கி மீண்டன. அவ்வளவுதான்.

போன் அடித்தது. மனைவி.

"எங்க இருக்கீங்க?"

"பாதி வழியில. கரண்ட் கோளாறு."

"நீங்களா பாக்கப் போறீங்க? டார்ச்சுக்கு பேட்டரியே தலைகீழா போடுற ஆளு!" சிரித்தவள் குரலை இறக்கினாள். "தம்பி இருந்திருந்தா போன்லயே சொல்லிக் குடுத்திருப்பான்."

"சரி, வச்சிடு. சார்ஜ் கம்மியா இருக்கு."

அவள் தம்பி வயர்மேன். இந்த வேனின் ஒவ்வொரு வயரும் அவன் கை பட்டது. டேப்பைக் கத்தரிக்க மாட்டான், பல்லால்தான் கடித்துக் கிழிப்பான். வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு ஸ்பானரால் இரும்பில் தட்டுவான். ஒரு தட்டு என்றால் சாவியைப் போடு. ரெண்டு தட்டு என்றால் சாவியில் கை வைக்காதே. "கத்தினா கேக்காது மச்சான். தட்டினா எலும்பு வரைக்கும் கேக்கும்" என்பான்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள், ஷெட்டில், அடியில் படுத்தபடியே சொன்னான். "லோடு எடுக்கப் போறேன்னு சொல்லிட்டு எந்த வீட்டு வாசல்ல வண்டிய நிறுத்துறீங்கன்னு பாத்துட்டேன் மச்சான். அக்காகிட்ட இன்னைக்கே சொல்லிடுவேன்." பிறகு ரெண்டு தட்டு கேட்டது. தெளிவாக. வண்டி ரிவர்ஸ் கியரில் இருந்தது. அவர் சாவியைத் திருப்பினார்.

"தட்டினது காதுல விழல" என்று எல்லோரிடமும் சொன்னார். அழுதழுது முகம் வீங்கிய மனைவிதான் அவருக்கு ஆறுதல் சொன்னாள். அவள் அப்படியே நம்பிக்கொண்டிருக்க வேண்டும். அவர் வீடு போய்ச் சேர வேண்டும். வேறெதுவும் வேண்டாம்.

பேட்டரி முனைகளை அசைத்துப் பார்த்தார், இறுக்கமாக இருந்தன. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், ஒன்றும் உருகவில்லை. ஹாரன் அடித்தது. அப்போதுதான் மச்சினன் சொன்னது நினைவுக்கு வந்தது. "விளக்கு எரியுது, ஹாரன் அடிக்குது, ஸ்டார்ட் மட்டும் ஆகலைன்னா பேட்டரிய திட்டாதீங்க மச்சான். அடியில போய் எர்த் வயரப் பாருங்க."

அடியில்.

கியரை நியூட்ரலில் தள்ளினார். ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். முன் சக்கரத்துக்குப் பின்னால் பெரிய கல்லாகப் பார்த்து முட்டுக்கொடுத்தார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார். பிறகு ஸ்பானரை எடுத்துக்கொண்டு, கல்லை ஒட்டியே, ஈரத்தில் முதுகு தேய, உள்ளே நகர்ந்தார்.

போன் வெளிச்சத்தில் எர்த் வயர் தொங்குவது தெரிந்தது. அறுந்திருக்கவில்லை, யாரோ போல்ட்டைக் கழற்றி, மறுபடி மாட்டத் தோதாக அதே துளையில் தொங்கவிட்டிருந்தார்கள். வயரில் புது டேப் சுற்றியிருந்தது. அதன் ஓரத்தில் பல் தடம். தொட்டார். எச்சில் ஈரம்.

பசை வாசனை மூக்கில் ஏறியது.

மாட்டிவிட்டு ஓடிவிட வேண்டும். வேறு வழி தெரியவில்லை. வயரைப் பொருத்தினார், போல்ட்டைத் திருகினார், ஸ்பானரால் இறுக்கினார். ஸ்பானர் நழுவி இரும்பில் மோதியது.

ஒரு தட்டு.

மேலே, ஓட்டுநர் இருக்கையின் ஸ்பிரிங் அழுந்தியது.

மூச்சைப் பிடித்துக்கொண்டார். இலையிலிருந்து ஒரு சொட்டு. இன்னொன்று. மேலே டேப்பைக் கடித்துக் கிழிக்கும் சத்தம். சட்டைப் பையைத் தடவினார். பொத்தான் மாட்டியபடியே இருந்தது. பை காலி.

மேலே சாவிக்கொத்து குலுங்கியது.

வெளியே நகர முயன்றார். சட்டை எதிலோ மாட்டியிருந்தது. இழுத்தார், வரவில்லை. கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். அவருக்கும் சக்கரத்துக்கும் நடுவில் கல் இல்லை. அது சாலையோரம் கிடந்தது, ஈரமான அடிப்பக்கம் மேலாக.

கியர் விழுந்தது. கடக்.

ஹேண்ட் பிரேக் இறங்கியது.

பின்னால் ரிவர்ஸ் கியரின் வெள்ளை விளக்கு எரிந்து ஈரச் சாலை முழுவதும் பளிச்சென்றது.

ஸ்பானரைப் பொறுக்கித் தட்டினார். ரெண்டு. மறுபடி ரெண்டு. "மாப்ளே... ரெண்டு தட்டுடா... ரெண்டு..." இரும்பு அதிர, கை தெறிக்க, ரெண்டு, ரெண்டு, ரெண்டு.

தட்டு நின்ற ஒரு நொடியில் மேலிருந்து குரல் வந்தது. பல்லிடுக்கில் டேப்பைக் கவ்விக்கொண்டு பேசும் குரல்.

"காதுல விழல மச்சான்."

சாவி திரும்பியது.